மூக்கு பொய் சொன்ன வாரங்கள்

சோப்புத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள். வயதில் சின்னவர்களுக்கு மூக்கக்கா, பெரியவர்களுக்கு மூக்கம்மா. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். இத்தனைக்கும் அது ஒன்றும் பார்த்தவுடன் சொல்கிற மாதிரி எடுப்பான மூக்கு இல்லை. சப்பை மூக்கு. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அந்தச் சப்பை மூக்குக்கு முன்னால் மேனேஜர்கூட வாயைத் திறக்க மாட்டார்.

வேலை இதுதான். கீழே பெரிய தொட்டியில் சோப்புக் கலவை தயாராகும். வாசனை எண்ணெய் சேர்த்துக் கிண்டி முடித்ததும் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து மாடிக்கு அனுப்புவார்கள். மாடியில் அவளுக்கென்று கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை. அங்கே ஒரு ஜாடிக்குள், சோப்பு எப்படி மணக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக ஒரு துண்டு இருக்கும். மாதிரியை மோந்து, கிண்ணத்தை மோந்து, இரண்டும் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டும். இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது என்பதால் எல்லாம் சைகைதான். விரலை மடக்கிக் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டினால் போகலாம். உள்ளங்கையை விரித்து வைத்தால் நிறுத்து.

அதைப் பார்ப்பதற்காகவே கீழே ஒருத்தர் அண்ணாந்து நிற்பார். தொட்டிக்குப் பொறுப்பு அவர்தான். கடுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் குள்ளம், கொஞ்சம் சூடு பட்டால் போதும், பொரிந்து தள்ளிவிடுவார். தொட்டி மேல் அவருக்கு இருந்த பாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட அதன் பக்கத்தில்தான் உட்காருவார். அதனால் ஊர் வம்பு ஒன்றும் அவர் காதுக்கு வந்து சேராது.

அந்தக் கடுகின் தொட்டியைத்தான் அவள் ஒரு வாரத்தில் மூன்று தரம் உள்ளங்கை விரித்து நிறுத்திவிட்டாள்.

ரோஜா சோப்பு. கிண்ணத்தைக் கிட்டே கொண்டுபோனதும் குப்பென்று சிக்கு வாடை. பழைய எண்ணெய் நாள்பட்டுக் கெட்டுப்போனால் வருமே, அந்த வாடை. அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. தொட்டியை ஒழுங்காக வெந்நீர் விட்டுக் கழுவாமல், சுவரில் ஒட்டிக்கொண்ட பழைய கலவையோடு புதிதைக் கிண்டினால்தான் இப்படி நாறும். கழுவவேண்டியது யார்? கடுகு. அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கையால் தேய்த்தேன், கண்ணாடி மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். மற்றவர்களும் மோந்து பார்த்தார்கள். அவர்களுக்கு ரோஜாதான் மணத்தது. அதனால் என்ன? நமக்கு வராதது வருகிறது, அதனால்தானே அவள் மூக்கு என்று முடித்துவிட்டார்கள். மனுஷன் பொய் சொல்லலாம், அந்த மூக்கு சொல்லாது. வேறு எந்த இடமாக இருந்தாலும் மூக்கிலும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். இவர்களுக்கு வரவில்லை. அவளுக்கே வரவில்லை என்பதுதான் கொடுமை. மாதிரி ஜாடியைத் திறந்து மோந்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் ரோஜா அவளுக்கு மனப்பாடம், ஜாடியைத் திறந்தே பல காலம் ஆயிற்று. கெட்டிக்காரிகளுக்கு வருகிற வியாதி இது.

இந்த நேரத்தில் அவள் முழுகாமல் இருந்தாள் என்பது தொழிற்சாலையில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

போன தடவை நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவள் ஏன் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டாள் என்று உங்களுக்குப் புரியாது. அப்போது வீட்டில் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் தலைகால் புரியாமல் ஆடிவிட்டார்கள். புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும், லிஃப்ட்டில் ஏறினவர்கள் இறங்குவதற்குள் சேதியைச் சொல்லிவிடுவான். இவள் மட்டும் என்ன, தொழிற்சாலையில் வாட்ச்மேன் வரைக்கும் சொன்னாள். ஒரே நாளில் சொல்லி முடித்ததைத் திருப்பி வாங்கத்தான் மாசக்கணக்கானது. மூன்று மாசம் முடிவதற்குள் ரத்தப்போக்கு. கலைந்துவிட்டது. நீ எதுவும் செய்ததால் இல்லை, இது பலருக்கும் நடக்கிறதுதான் என்று டாக்டரம்மா எத்தனையோ தரம் சொன்னார். அது சரி, ஆனால் ஒவ்வொருத்தராக வந்து விசாரிக்கும்போது ஒவ்வொருத்தருக்காக நின்று, இல்லை, போய்விட்டது என்று சொன்னாளே, அந்தக் கொடுமையை எந்த டாக்டர் குணப்படுத்துவார்?

அதிலும் கடைசியாக ஒருத்தர் கேட்டார். எல்லாம் ஓய்ந்து, இவளும் தேறி, சிரிக்கப் பழகின பிறகு ஒருநாள் படிக்கட்டில் எதிரே வந்தவர், வாயெல்லாம் பல்லாக, எத்தனாவது மாசம்மா என்று கேட்டுவிட்டார். கடுகுதான். பாவம், அவர் காதுக்குத்தான் எதுவும் வராதே. இவள் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். அந்த மனுஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், பிறகு இறங்கிப் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணாந்து கையை மட்டும் பார்ப்பார். கோபம் இல்லை, கூச்சம். அது அவளுக்கும் தெரியும், ஆனால் யார் முதலில் பேசுவது?

ஆகவே இந்தத் தடவை மூன்று மாசம் தாண்டுகிற வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று புருஷனும் அவளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள்கூட அந்த வார்த்தையைச் சொல்வதில்லை, 'அந்த விஷயம்' என்பதோடு சரி. வெளியே சொல்ல முடியாத சந்தோஷத்தையெல்லாம் அவன் போனில் படித்துத் தீர்த்துக்கொண்டான். எந்த வாரம் என்ன வரும் என்று அவனுக்கு அத்துப்படி. அந்த விஷயம் இந்த வாரம் கடுகு அளவு இருக்கும் என்று ஒருநாள் சொன்னான். எங்கள் தொழிற்சாலையில் ஏற்கெனவே ஒரு கடுகு இருக்கிறது, அதைச் சமாளிக்கவே முடியவில்லை என்றாள் அவள். தூக்கம் தூக்கமாக வருமாம் என்று அவன் படிக்கும்போதே அவள் தூங்கியிருப்பாள். அடிக்கடி ஒன்றுக்கு வருமாம் என்று சொன்னால், அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, கதவை விட்டு நகரு என்பாள். ஒன்றுமில்லாததற்கு அழுகை வந்தது. மார்பு கனத்து வலித்தது. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் இரண்டு பிஸ்கட் கடித்துக்கொண்டால் குமட்டல் கொஞ்சம் அடங்கியது. துணைக்கு இருக்கட்டும் என்று அவனும் கூடவே பிஸ்கட் தின்றான். அவள் இளைத்தாள், அவனுக்குத் தொப்பை போட்டது.

மூன்றாவது தரம் தொட்டியை நிறுத்திய அன்றைக்கு மேற்பார்வை அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாளையிலிருந்து கடுகைத் தொட்டியிலிருந்து எடுத்து மூட்டை ஏற்றப் போடுவது. அவள் கனத்த மனசோடு வீட்டுக்குப் போனாள். தன் வேலையைத்தானே செய்தோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புருஷன் வேலையிலிருந்து வந்தான், உடம்பெல்லாம் கிரீஸ். கிட்டே வராதீர்கள், போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று துரத்தினாள். குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவளுக்குக் குடலைப் பிடுங்கியது. சோப்பே போடவில்லையா, இப்படி நாறுகிறதே என்றாள். அவன் முழித்தான்.

"உன் சோப்புதான்டி. அந்த ரோஜா சோப்பு. பழசு, மூணு நாலு மாசம் முன்னாடி நீ கொண்டு வந்தியே, அதேதான்."

அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். ஈரம் காயாத சோப்பைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சிக்கு வாடை. அவளே மோந்து, அவளே கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிய சோப்பு. அன்றைக்கு அவள் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்த சோப்பு. அதுவும் நாறுகிறது. அப்படியானால் கெட்டது தொட்டி இல்லை.

வாசலில் நின்றுகொண்டிருந்த புருஷன் மெதுவாக, வாசனையெல்லாம் மாறித் தெரியும் என்று போனில் போட்டிருந்தது, நல்ல வாசனைகூட நாற்றமாகப் படுமாம், உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றான். போன தடவை அவளுக்கு இதெல்லாம் எதுவுமே இல்லை. குமட்டலும் இல்லை, வாடையும் இல்லை. சோப்பைப் பிடித்தபடியே அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்தத் தடவை வேறு மாதிரி. உள்ளே ஏதோ பலமாக உட்கார்ந்திருக்கிறது, மூக்கையே புரட்டிப் போடுகிற அளவுக்கு. அந்த நாறுகிற சோப்பை அவள் இன்னொரு தரம் ஆசையாக மோந்து பார்த்தாள்.

சந்தோஷம் படுக்கைக்குப் போகும் வரைதான். பிறகு கடுகின் நினைவு வந்தது. ஒரு தப்பும் செய்யாத மனுஷன் நாளைக்கு மூட்டை தூக்கப் போகிறார். உண்மையைச் சொன்னால் அவர் தப்புவார். உண்மையைச் சொன்னால் மறுபடியும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு, ஐயோ, மறுபடியும் அப்படி ஆகிவிட்டால்? இன்னொரு தடவை படிக்கட்டில் நின்று அந்தப் பதிலைச் சொல்ல அவள் உடம்பில் தெம்பில்லை. சளி பிடித்துவிட்டது என்று சொல்லிச் சமாளிப்போம் என்று முடிவுசெய்தாள்.

மறுநாள் போனதும் முதல் வேலையாக மாதிரி ஜாடியைத் திறந்து மோந்தாள். அதுவும் நாறியது. சரிதான் என்று மூடிவிட்டு மேற்பார்வை அம்மாவின் அறைக்குப் போனாள். கடுகு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் பார்வையைத் தரையில் போட்டார்.

தனக்கு ஒரு வாரமாகச் சளி என்றும், மூக்கு சரியில்லை என்றும், நிறுத்தி வைத்த சோப்பையெல்லாம் சாயங்கால ஷிப்டில் மோக்கிற ஆளை விட்டு இன்னொரு தரம் பார்க்கலாம் என்றும் அவள் மென்று முழுங்கிச் சொன்னாள். மேற்பார்வை அம்மா நல்ல மனுஷிதான், ஆனால் அவரிடம் பூச்சுற்ற முடியாது. சளி பிடித்தால் இருக்கிற வாசனை தெரியாமல் போகும், இல்லாத வாடை எங்கிருந்து வரும் என்று கேட்டார். உனக்கு இளகின மனசு, அவருக்காகப் பேசுகிறாய், நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். பொய் நல்லது செய்யப் போய், கடுகின் தலையில் இன்னும் கொஞ்சம் மண்ணைப் போட்டதுதான் மிச்சம்.

கடுகு பொரிந்துவிட்டார். "எனக்காக யாரும் பொய் சொல்ல வேணாம் மேடம். நான் கழுவினேன். நம்பினா நம்புங்க, இல்லாட்டி மூட்டை தூக்கிட்டுப் போறேன். பரிதாபப்பட்டு யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம்."

அவர் கையை முன்னால் நீட்டினார். வெந்நீர் பட்டுப் பட்டுச் சிவந்து, நகத்தோரம் வெடித்துப்போன கை. தொட்டியைத் தேய்த்த கை அது என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வாரமாக இந்தக் கையை யாருமே பார்க்கவில்லையே, நானும் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்க கழுவினீங்கண்ணே. தொட்டி சுத்தமாத்தான் இருந்துச்சு. என் மூக்குதான் தப்பு. நான் முழுகாம இருக்கேன்."

மேற்பார்வை அம்மா எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து, போன தடவை நினைவுக்கு வந்ததோ என்னவோ, கையை மட்டும் நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். சொல்லியாயிற்று, இனி இழுத்துக்கொள்ள முடியாது. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மட்டும் கெஞ்சினாள்.

கடுகு இத்தனை காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் கேக்க மாட்டேம்மா," என்றார். "எத்தனை மாசம் ஆனாலும் சரி, நீயா சொல்ற வரைக்கும் நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அன்றைக்கே சாயங்கால ஷிப்ட் ஆள் வந்து, நிறுத்தி வைத்த சோப்பையெல்லாம் மோந்து, நல்ல ரோஜா என்று தட்டி அனுப்பினார். கடுகு தொட்டியிலேயே இருந்தார். மூக்குக்கு மூக்கில் கோளாறு என்று மேற்பார்வை அம்மா எல்லோரிடமும் சொல்லி, அவளை உறை சரிபார்க்கிற இடத்தில் உட்கார வைத்தார். அவ்வளவுதான், தொழிற்சாலை முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள். ஆவி பிடி என்றார் ஒருத்தர். தலைகீழாகத் தொங்கினால் சரியாகிவிடும் என்று இன்னொருத்தர் சொன்னது வேடிக்கைக்கா நிஜத்துக்கா என்று தெரியவில்லை. கடுகு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. ஆனால் அவள் போகிற வழியில் இருந்த வாசனை எண்ணெய்ப் பீப்பாய்கள் தானாக வேறு மூலைக்குப் போயின. கழிப்பறைக்குப் போகிற நடையில் ஒரு நாற்காலி முளைத்தது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் எங்கிருந்தோ கடுகு வந்து விரட்டினார்.

நாறுகிற உலகத்தில் அவள் நிம்மதியாக இருந்தாள் என்றால் நம்புவீர்களா? காலையில் எழுந்ததும் தலையணை நாறும், அப்பாடா என்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் சென்ட் குமட்டும், இருக்கிறது, இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்து, கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். திராட்சை அளவு ஆகிவிட்டது என்று புருஷன் படித்தான்.

பிறகு ஒருநாள் காலை எதுவுமே நாறவில்லை. பிஸ்கட் வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் வெறும் பஸ் வாசனைதான் வந்தது. தொழிற்சாலைக்குள் வந்ததும் நேராகத் தொட்டிக்குப் போனாள். கடுகு கலவையைக் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்து மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தாள். ரோஜா. ஒரு குறையும் இல்லாத, சுத்தமான ரோஜா. அவ்வளவு நல்ல வாசனை அவளை எப்போதும் அப்படிப் பயமுறுத்தியதில்லை. போன தடவையும் இப்படித்தான், ஒன்றுமே தெரியாமல் இருந்தது.

கடுகு அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு செய்யவே கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். கலவை பாதியில் இருக்கும்போதே துடுப்பைப் பக்கத்து ஆளின் கையில் கொடுத்துவிட்டு, தொட்டியை விட்டு இறங்கி வந்தார்.

"போயிட்டு வாம்மா. மேல நான் சொல்லிக்கிறேன்."

வாசல் வரை கூட வந்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். ஆட்டோ கிளம்பும் வரை எதையும் கேட்கவில்லை.

ஆட்டோவிலிருந்தே புருஷனுக்குப் போன் செய்தாள். அவன் எந்த லிஃப்ட்டை எந்த மாடியில் நிறுத்திவிட்டு வந்தானோ, அவளுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நின்றான். டாக்டரம்மா வலி இருக்கிறதா, ரத்தம் பட்டதா என்று கேட்டார். இல்லை, வாடைதான் போய்விட்டது என்று அவள் சொல்லும்போதே உதடு கோணியது. குமட்டலும் வாடையும் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது, அது குறைந்தால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை, ரத்தம் பட்டாலோ வலி வந்தாலோதான் உடனே ஓடி வர வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். புருஷன் அவள் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் நொறுங்கியது.

"கண்ணைத் தொறந்து பாரும்மா," என்றார் டாக்டரம்மா. "துடிக்குது பாரு."

சாம்பல் திரையில், ஒரு புள்ளி விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தன் அம்மாவின் மூக்கைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. புருஷன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளுக்கு அழுகையே வரவில்லை. இமைத்தால் நின்றுவிடுமோ என்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகலாம், படுத்துத் தூங்கு என்றான் அவன். அவள் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்றாள். பைத்தியமா உனக்கு, இன்றைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டான்.

"ஒருத்தர் கேக்காம காத்துக்கிட்டு இருக்காருங்க," என்றாள்.

மாடிக்கு ஏறி, தன் பழைய அறைக்குள் போனாள். அவளுக்குப் பதிலாக மோந்துகொண்டிருந்தவர், மூக்கு சரியாகிவிட்டதா என்று எழுந்தார். இன்னும் இல்லை, ஒரு நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் போனாள். கீழே இயந்திரங்கள் கத்திக்கொண்டிருந்தன. கடுகு தொட்டியைக் கிண்டவே இல்லை. துடுப்பைப் பிடித்தபடி அண்ணாந்து, மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ தெரியாது.

அவள் விரலை மடக்கினாள். கண்ணாடியில் இரண்டு தரம் தட்டினாள்.

கடுகு துடுப்பைச் சாய்த்து வைத்தார். தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் மேல் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு அழுதார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை.